வரேன் என்று சொன்னவள்

அந்த அறையின் ஜன்னல் திறக்காது. ஆனால் கைப்பிடி மட்டும் இருந்தது. ஐந்து நாளாகப் பல்லக்கா அந்தக் கைப்பிடியைத் திருகிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திறக்காத ஜன்னலுக்குக் கைப்பிடி எதற்கு என்று யாரையாவது பிடித்துக் கேட்கலாமென்றால், அந்த ஊரில் அவள் பேச்சு புரிகிற ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கட்டி முடித்த பெட்டியைத் திறந்து மறுபடி கட்டினாள். சாயங்காலம் மணி இன்னும் ஏழு ஆகவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற வண்டி விடியற்காலை நான்கு மணிக்குத்தான் வரும்.

பல்லக்கா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள்; கூட இருக்கிறவர்கள் வைத்தது, ஒட்டிக்கொண்டது. மெழுகில் பல் செதுக்குவது, அச்சு எடுப்பது, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு. செருப்பைப் பார்க்கிறவர்கள் உண்டு. இவள் வாயைப் பார்ப்பாள். பல்லை வைத்திருக்கிற லட்சணத்திலேயே மனுஷன் தெரிந்துவிடுவான் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியால் அன்றைக்கு அவளுக்கு வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலாளி, பீங்கான் கட்டியைக் கடைந்து பல்லாக்கித் தருகிற புது மிஷின் ஒன்று வாங்கினார். மிஷின் செய்த கம்பெனிக்கே போய் ஐந்து நாள் பழகிவர ஓர் ஆள் வேண்டும். பல்லக்காவை அனுப்பினார். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர்தான், ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஒன்றரை கிலோமீட்டர்தான் உலகம் என்று இருப்பவர். பக்கத்து டவுனுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை, இப்போது வெளிநாடா என்று ஒரு மாதம் புலம்பினார். கிளம்புகிற அன்றைக்கும் ஆரம்பித்தார். வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. பல்லக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போறேன்" என்றாள்.

அந்த வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போனாலும் "வரேன்"தான். அவர் முகம் செத்துவிட்டது. டாக்ஸி வரைக்கும் பின்னாலேயே வந்து, குனிந்து, "வரேன்னு சொல்லிட்டுப் போ" என்றார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஐந்து நாளாக அது உள்ளே கிடந்து அறுத்தது. அவர் அனுப்பிய செய்திகளோ மூன்று சொல்லைத் தாண்டவில்லை. கேஸ் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. பூனை குட்டி போட்டுவிட்டது. இவளும் "சரி", "சரி", "எத்தனை?" என்று பதில் போட்டாள். ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லித் தீர்த்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

அன்று மத்தியானம் பயிற்சி முடிந்தது. ஒரு சான்றிதழும், அவள் கையாலேயே மிஷினில் கடைந்த பல்செட் ஒன்றும் கொடுத்தார்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, இருபத்தெட்டுப் பல், கல்லைவிடக் கெட்டி. இருட்டிய பிறகு தனியாகச் சுற்ற வேண்டாம் என்று பயிற்சியாளர் எச்சரித்திருந்தார். ஆனால் ஜன்னலின் மூலையில் தூரத்துப் பாலம் ஒன்றின் பாதி தெரிந்தது. அதில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஐந்து நாள் வெளிநாட்டில் இருந்தேன், ஒரு ஜன்னலைப் பார்த்தேன் என்றா ஊரில் போய்ச் சொல்வது? பாஸ்போர்ட்டும் அச்சடித்த டிக்கெட்டும் பல்செட்டும் இருந்த தோள்பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விடுதிக்கு எதிரே ஒரு தையல் கடை. ஒரு மிஷின் போடுகிற அளவுதான் இடம். வந்து இறங்கிய அன்று பல்லக்காவின் பை ஜிப் வாயைப் பிளந்துகொண்டபோது, அங்கே இருந்த தையல்காரிதான் புது ஜிப் வைத்துக் கொடுத்தாள். கேட்காமலேயே தோள்வாரையும் இரட்டைத் தையல் போட்டு இறுக்கியிருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு நாடா. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதைப் பல்லக்கா முதல் நாளே கவனித்துவிட்டாள். தினமும் போகும்போது ஒரு தலையாட்டல், வரும்போது ஒரு தலையாட்டல் என்று பழக்கம் வளர்ந்திருந்தது.

அன்று தையல்காரி எங்கே என்று கையால் கேட்டாள். பல்லக்கா ஃபோனை எடுத்தாள். நாம் தமிழில் பேசினால் அது அந்த ஊர் பாஷையில் சொல்லும். அவர்கள் பேசினால் தமிழில் சொல்லும். பாலம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்று முடித்தாள்.

ஃபோன் சொன்னது. தையல்காரி தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டாள். ஃபோன், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய்?" என்றது. பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வரேன் என்றால் எத்தனை மணிக்கு என்று ஒருத்தி கேட்டு அவள் பார்த்ததில்லை. ஒரு பேச்சுக்குப் பத்து விரலைக் காட்டிவிட்டு நடந்தாள். தையல்காரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

பாலம் அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழகை எவ்வளவு நேரம் பார்ப்பது? இந்தப் பக்கக் கைப்பிடியைப் பிடித்து நின்றாள், அந்தப் பக்கம் போய் நின்றாள். எல்லோரும் ஜோடியாக, கும்பலாக வந்திருந்தார்கள். பார், எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆளில்லை. கால் வலிக்க ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அதன் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஒருவன் கொட்டாவி விட்டான். பல்லக்கா அசந்துபோனாள். முன்பல் நான்கும் செய்த பல். சாதாரண ஆளுக்குத் தெரியவே தெரியாது. ஓரத்தில் லேசான பழுப்பு, ஒரு பல்லில் வேண்டுமென்றே வைத்த மெல்லிய கோடு. செய்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவள் கொஞ்சம் கிட்டே நகர்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு பொம்பளை தன் வாயையே பார்த்துப் புன்னகைத்தால் ஓர் ஆண் என்ன நினைப்பான் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. தொழில் கண்ணை மறைத்தது.

நல்ல உடுப்பு, நாற்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். பல்லை யார் செய்தது என்று கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கச் சிரிக்க இன்னும் நன்றாகப் பல் தெரிந்தது. ஃபோன் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கும் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கும் போய்வந்தது. காபி வாங்கிக் கொடுத்தான். ஐந்து நாளாகப் பேசாத வாய் அல்லவா, பல்லக்கா மிஷினைப் பற்றிச் சொன்னாள், முதலாளியைப் பற்றிச் சொன்னாள், பூனை குட்டி போட்டதைக்கூடச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்பதரை.

எழுந்தாள். நன்றி சொன்னாள். பிறகு நல்ல பழக்கத்தில் வளர்ந்த பிள்ளையாக ஃபோனைப் பார்த்து, "சரி, அப்ப நான் வரேன்" என்றாள்.

ஃபோன் அதை மொழிபெயர்த்தது. அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அப்போதாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உடனே எழுந்து, சாலையோரம் நின்ற தன் காரைக் காட்டினான். கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான், நல்ல மனுஷன் என்று இவள் நினைத்துக்கொண்டாள். விடுதிப் பெயரைச் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஃபோன் அவன் கையில் இருந்தது. இவள் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் திருப்பத்திலேயே ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைத் தேடினாள். வரும்போது ஆறு இடது கைப்பக்கம் இருந்தது. திரும்பும்போது வலது பக்கம் இருக்க வேண்டும். ஆறே காணோம். கடைகள் போய், குடியிருப்புகள் போய், கம்பி வேலி போட்ட கிடங்குகளாக வந்தன. விடுதி, விடுதி என்று சொல்லிப் பார்த்தாள். கதவைத் திறக்கப் பார்த்தாள், பூட்டியிருந்தது. அவன் ஃபோனை வாயருகே கொண்டுபோய் ஏதோ சொன்னான். அது அதே செய்தி வாசிக்கிற குரலில், பதற்றமே இல்லாமல் அவளிடம் சொன்னது:

"நீதானே வருகிறேன் என்று கூறினாய்."

பல்லக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "நிறுத்து! வண்டிய நிறுத்து!" என்று கத்தினாள். ஃபோன் விசுவாசமான வேலைக்காரி. அதையும் கேட்டு, அவன் பாஷையில் அவனிடம் சொன்னது. அவன் கேட்டான். கேட்டுவிட்டு ஃபோனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதுவரைக்கும் நடந்தது வார்த்தைக் கோளாறு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. நிறுத்து என்பதை அவன் தன் தாய்பாஷையில் கேட்டான் பாருங்கள், அதற்குப் பிறகு நடந்த எதற்கும் மொழிபெயர்ப்பைச் சாக்குச் சொல்ல முடியாது. கதவைத் தட்டுகிற கையைப் புரிந்துகொள்ள எந்த பாஷையும் வேண்டாம்.

அவள் தட்டினாள். அவன் ஓட்டினான். டாக்ஸிக் கண்ணாடிக்கு வெளியே குனிந்த முகம் ஞாபகத்துக்கு வந்து நின்றது. போறேன் என்று சொல்லிவிட்டு வந்தோமே, வாய் முகூர்த்தம் பலித்துவிடுமோ? நாலு மணிக்கு வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். அவள் எங்கே போனாள் என்று சொல்ல ஒருவர் இருக்க மாட்டார். அந்த மனுஷன் பூனைக்குட்டிகளை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, கையைப் பைக்குள் விட்டுத் துழாவினாள். கெட்டியாக அகப்பட்டது பல்செட் மட்டும்தான்.

ஒரு பெரிய இரும்பு கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. அவன் இறங்கி, தன் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, கேட்டைத் தள்ளப் போனான். துருப்பிடித்த கேட், இரண்டு கையும் வேண்டியிருந்தது. பல்லக்கா யோசிக்கவில்லை. நாற்பத்தாறு வயது உடம்பு, முழங்கால் வலி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டுக்குத் தாவினாள். முழங்கால் ஹாரன்மேல் அழுந்தியது. அந்தத் தெருவே அலறியது. எங்கோ மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. அவள் கதவைத் திறந்து விழுந்தடித்து இறங்குவதற்கும் அவன் ஓடிவந்து தோள்வாரைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

இழுத்தான். வார் அறுந்திருந்தால் பையோடு பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் போயிருக்கும். இரட்டைத் தையல், அறுந்துபோகவில்லை. பல்லக்கா இரண்டு கையாலும் பல்செட்டைப் பிடித்து, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் அவன் மணிக்கட்டை வைத்து, தன் பலம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். கடித்தாள் என்றே சொல்ல வேண்டும். தன் வாயில் இல்லாத பல்லால், தானே செய்த பல்லால் கடித்தாள். அவன் ஊளையிட்டுக் கையை உதறினான். பல்செட் எங்கோ தெறித்து விழுந்தது. அவள் ஓடினாள்.

எவ்வளவு தூரம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கிடங்குகளின் பின்சந்து, ஒரு தண்டவாளம், மூடிய பெட்ரோல் பங்க். பின்னால் வரும் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் சுவரோடு ஒட்டினாள். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஓர் ஆளிடம் கையெடுத்துக் கும்பிட்டு விடுதிப் பெயரைச் சொன்னாள். அவன் உதட்டைப் பிதுக்கி, தெரியாது என்று கையை விரித்தான். ஃபோன் இல்லாத வாய் எதற்கும் உதவாது என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு சரிவில் தண்ணீர் வாடை அடித்தது. ஆறு. கரையை விடாமல் நடந்தாள். பாலத்து விளக்குகள் தெரிந்தபோது உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்தாள்.

பாலத்திலிருந்து விடுதிக்கு வழி தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். சாயங்காலம் கடைகளை அடையாளம் வைத்து வந்தவள் அவள். இப்போது எல்லாக் கடையும் மூடிக் கிடந்தது. சாம்பல் நிற ஷட்டர், சாம்பல் நிற ஷட்டர். எல்லாத் தெருவும் ஒரே தெரு. விடுதியின் பெயர்ப்பலகை விளக்கையும் நடுராத்திரியில் அணைத்துவிடுவார்கள். ஒரு தெருவில் நுழைந்து கடைசி வரை போய்த் திரும்பினாள். இன்னொன்றில் நுழைந்தாள். மூன்றாவது தெருவின் முக்கில் நின்று, இனி இங்கேயே உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னபோது, பாதித் தெருவில் ஒரு ஷட்டருக்கு அடியிலிருந்து தரையில் வெளிச்சம் விழுந்திருப்பதைப் பார்த்தாள்.

ஷட்டர் இடுப்பளவு தூக்கியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தையல்காரி மிஷின் மேல் தலையைச் சாய்த்து, தூங்கியும் தூங்காமலும் உட்கார்ந்திருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் விருட்டென்று எழுந்தாள். பல்லக்காவைப் பார்த்தாள், சேறு பிடித்த கால், அவிழ்ந்த தலை. அடுத்த கணம் திட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் திட்டுக்கு ஒரு தாளம் இருக்கிறதே, அது வீட்டில் கேட்கிற அதே தாளம்தான். கடிகாரத்தைக் காட்டினாள், பத்து விரலை விரித்தாள், மறுபடி கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு தன் ஃபோனை எடுத்து, பாஷையைத் தேடிப் பிடித்து, பேசினாள்.

"பத்து மணிக்கு வருகிறேன் என்று கூறினாய். இப்போது ஒன்று நாற்பது ஆகிறது. நான் எப்படிக் கடையை மூடுவேன்?"

பல்லக்கா துணி மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

தண்ணீர் வந்தது, துண்டு வந்தது. நடந்ததைச் சொன்னாள். தையல்காரி பல்லை இறுக்கிக் கேட்டுக்கொண்டாள். போலீஸிடம் போகலாமா என்று கேட்டாள். நாலு மணி வண்டியை விட முடியாது என்று சொல்லிவிட்டு, பல்லக்கா இரும்பு கேட்டின் நிறம், கிடங்குகள், தண்டவாளம், கார் நம்பரில் ஞாபகம் இருந்த நான்கு எண்கள் எல்லாம் சொன்னாள். தையல்காரி சாக்கட்டியால் ஒரு துண்டுத் துணியில் எழுதிக்கொண்டு, காலையில் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள். மணிக்கட்டில் பல் பட்ட ஆள் என்று சேர்த்துக்கொள்ளும்படி பல்லக்கா சொன்னதும், வாயை மூட மறந்து சிரித்தாள்.

"எங்க பக்கம் போறேன்னு சொல்ல மாட்டோம். வரேன்னுதான் சொல்லுவோம்" என்று பல்லக்கா விளக்கினாள். தையல்காரி யோசித்தாள். அப்படியென்றால் வருகிறேன் என்று சொல்கிறவர்கள் வர மாட்டார்களா என்று ஃபோன் வழியாகக் கேட்டாள். வருவார்கள், முக்கால்வாசிப் பேர் வருவார்கள் என்றாள் பல்லக்கா.

பிறகு ஃபோனை இரவல் கேட்டாள். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஐந்து மணி தாண்டியிருக்கும். தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"யாரு?"

"நான்தாங்க. என் ஃபோன் தொலைஞ்சுபோச்சு. இது தெரிஞ்சவங்க ஃபோன்."

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு." பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஏங்க, வரேன்."

அந்தப் பக்கம் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடம் நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது.

"சரி, வா" என்றார். "குட்டிங்க இன்னும் கண்ணு திறக்கல."

கிளம்பும்போது மணி இரண்டரை. தையல்காரி பையின் தோள்வாரை இழுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நூல் விட்டிருந்தது. அப்படியே அனுப்ப மனமில்லாமல், மிஷினில் கொடுத்து இரண்டு ஓட்டு ஓட்டித் தந்தாள். பல்லக்கா அதை மாட்டிக்கொண்டாள். தையல்காரியின் கையைப் பிடித்து அழுத்தினாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, திரும்பி, வாய்ப் பழக்கத்தில் "வரேன்" என்றாள்.

மேஜைமேல் கிடந்த ஃபோன் கடமை தவறாமல் அதை மொழிபெயர்த்தது. தையல்காரி சாக்கட்டியை எடுத்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, எந்த நாள் என்று கேட்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

கேலி இல்லை. அவ்வளவு விளக்கம் கேட்ட பிறகும் நிஜமாகத்தான் கேட்டாள். இந்த ஊருக்கு இனி அவள் வரப்போவதில்லை. சும்மா தலையாட்டிவிட்டுப் போனால், இவள் ஏதோ ஒரு ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"போறேன்" என்றாள், தணிந்த குரலில்.

ஃபோன் அதையும் சொன்னது. தையல்காரி தலையாட்டினாள், சாக்கட்டியை டப்பாவில் போட்டாள். பல்லக்கா தெருவைக் கடந்து விடுதிப் படியில் கால் வைக்கும்போது, பின்னால் ஷட்டர் முழுசாக இறங்கிப் பூட்டுகிற சத்தம் கேட்டது.